அப்பா இறங்கிய கல்குழி

மழை பொய்த்த அந்த வருஷம் ஊரெல்லாம் வானத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தது. என் அம்மா மட்டும் ஏரி எப்போது வற்றும் என்று காத்திருந்தாள்.

அந்த ஏரி சேக்காட்டுக்கும் அப்பால். ஏரிக்குள் நீளமாக நுழைந்து கிடந்தது ஒரு மேடு. மூன்று பக்கமும் தண்ணீர். அங்கே செம்பாறையை வெட்டி எடுப்பார்கள். துரைமார் பங்களாவுக்கும் ரயில் பாலத்துக்கும் கல் அங்கிருந்துதான் போகும் என்பார்கள். பூந்தமல்லியிலிருந்து அங்கே கல் வெட்டப் போனவர் என் அப்பா. ஒரு ஐப்பசி மழையில் ஏரித் தண்ணீர் மண்ணை உடைத்துக்கொண்டு குழிக்குள் பாய்ந்தது. மற்றவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். அப்பாவைக் காணோம். பிணமும் மிதக்கவில்லை.

சேற்றில் புதைந்துவிட்டார் என்றாள் அம்மா. பெரியப்பா வேறு கதை சொன்னார். செத்தவன் மிதக்காமல் போவானா, அந்தக் களேபரத்தில் நழுவி ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டான் என்று கள்ளுக்கடை வரைக்கும் சொல்லிவைத்தார். ஓடிப்போனவன் மகளை யார் கட்டுவார்கள்? என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதோடு சரி. அம்மா பொட்டும் வைத்துக்கொண்டாள், அழவும் அழுதாள். விசேஷ வீட்டுக்காரர்கள் அவளைக் கூப்பிடலாமா கூடாதா என்று குழம்பி, கடைசியில் கூப்பிடாமலே விட்டார்கள். எனக்கு அந்த ஊரையே கொளுத்த வேண்டும் போலிருக்கும்.

ஒருவழியாக ஏரி வற்றியது. மூழ்கிய குழியை மறுபடி திறந்து சேற்றை வாருகிறார்கள் என்று ஒரு வண்டிக்காரர் வந்து சொன்னார். மறுநாளே அம்மா என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மேட்டில் நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எங்கே பார்த்தாலும் சிவப்புக் குழிகள், நடுவே நாலைந்து ஓலைக் குடிசைகள். அதில் ஒன்றில் குடியிருந்த பெண் எங்களை அப்பாவின் குழிக்குக் கூட்டிப்போனாள். குழி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நடுவில் மட்டும் வெட்டாத பாறை ஒன்று தூணாக நின்றது. எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று மேஸ்திரி அளந்து பார்ப்பதற்காக அப்படி விட்டுவைப்பார்களாம்.

“அடியில இன்னும் சேறு கெடக்குதா?” என்று கேட்டாள் அம்மா.

“இல்லக்கா. அந்தத் தூணைப் பாரு, அடி வரைக்கும் தெரியுது. மொத்தமும் வாரிட்டோம்.”

“எதுனா கெடச்சுதா?”

“ஒரு கடப்பாரை கெடச்சுது. வேற ஒண்ணும் இல்லக்கா.” அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா குழிக்குள் இறங்கினாள். நானும் பின்னால் இறங்கினேன். தூணைச் சுற்றிச் சுற்றி வந்து, காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். எல்லாம் பாறை. பெரியப்பா சொன்னதுதான் நிஜம். அப்பா என்ற அந்த மனுஷன் மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா அழவில்லை. தூணில் கையை மோதி வளையலை உடைத்தாள். முந்தானையால் பொட்டை அழுத்தித் துடைத்தாள்.

மேலே நின்றவள் பதறிப்போனாள். “இன்னாக்கா பண்ற? ஆளு எங்கனா உசுரோட இருந்தா?”

“இருந்தா இருக்கட்டும்” என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “உம் பெரியப்பன் கேட்டா, எலும்பு கெடச்சுது, இங்கயே பொதச்சிட்டாங்கன்னு சொல்லு. நீயும் பாத்தேன்னு சொல்லு.”

“எதுக்கும்மா?”

“செத்தவன் பொண்ணுன்னா எவனாவது வந்து கட்டிக்குவான்டி.”

திரும்பி வரும் வழியெல்லாம், மணிக்கட்டில் கண்ணாடி கீறிய ரத்தத்தை அவள் துடைக்கவில்லை.

அவள் சொன்னபடியே சொன்னேன். ஊர் நம்பியது. பெரியப்பாவே முன்னின்று கருமாதி செய்தார். அன்றைக்கு அவர் அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் அறுத்தவள் எதிரே நிற்கக் கூடாது என்று அம்மாவை அடுப்படிக்குள் அனுப்பிவிட்டார்கள். கெட்டிமேளம் ஓய்ந்ததும் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

“கட்டியாச்சா?”

பந்தலில் யாரும் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மணப்பெண் வாய் திறக்கக் கூடாதுதான். நான் தலையை நிமிர்த்தி, அடுப்படிக்குக் கேட்கும்படி சொன்னேன்.

“கட்டியாச்சும்மா.”