தாழ்ப்பாள் போட்ட டீவி

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் அம்மா ஊர் வாயை மூடப் பார்க்கவே இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்து டீவி காட்டினாள்.

எண்பதுகளின் தொடக்கம். ஆந்திர எல்லையில், நகரியில் எங்கள் வீடு முழுக்க விசைத்தறி. சோற்றிலும் பஞ்சு, தலையிலும் பஞ்சு. கல்யாணமாகி வந்த நாள்முதல் அம்மா விடியுமுன் எழுந்து, ஓலைத் தட்டிக்குப் பின்னால் இருட்டில் குளித்தவள். தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். நைனாவை, அதாவது எங்கள் அப்பாவை, நச்சரித்து நச்சரித்து, தோட்டத்தில் கதவும் தாழ்ப்பாளுமாக ஒரு பாத்ரூம் கட்ட வைத்தாள். தெருவிலேயே முதல் பாத்ரூம். எதிர்வீட்டில் இருந்த பெரியம்மா, நைனாவின் அண்ணன் மனைவி, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"குளிக்கிறதுக்கு ஒரு ரூமா? நாளைக்குத் தும்மறதுக்கு ஒரு ரூம் கேப்பியாடி?"

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா மெட்ராஸிலிருந்து டீவி வாங்கிவந்தார். உள்ளே பஞ்சு அடைந்தால் சூடேறித் தீப்பிடிக்கும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். எங்களிடம் பஞ்சு பறக்காத இடம் ஒன்றே ஒன்று, அம்மாவின் பாத்ரூம்.

"அண்ணி, அங்க தண்ணி ஊத்தறத மட்டும் நிறுத்திட்டா..."

"ஓலத் தட்டிக்குத் திரும்பிப் போவ மாட்டேன். தண்ணியும் ஓடணும், டீவியும் ஓடணும், ஷாக் அடிச்சு யாரும் சாவக் கூடாது. ரோசன பண்ணு."

சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு திரிந்தார். கடைசியில் பாத்ரூம் சுவரில் சதுரமாக ஓர் ஓட்டை போட்டார். ஓட்டையில் சந்து பொந்தில்லாமல் தடித்த கண்ணாடி பதித்தார். உள்ளேயிருந்து அண்டாத் தண்ணீரை அதன்மேல் வீசிவிட்டு, வெளியே ஓடிப்போய்த் தடவிப் பார்த்தார். "ஒரு சொட்டு இல்ல அண்ணி!" அதற்குப் பிறகுதான் சுவருக்கு வெளியே, காற்றுக்கு வலை வைத்த தகரக் கூண்டில், டீவியை ஏற்றினார். ஒயர், பிளக், சுவிட்ச் எல்லாமே வெளியே. உள்ளே படம் மட்டும்.

அம்மா கண்ணாடிக்கு ஒரு மரக்கதவும் கேட்டாள்.

"நியூஸ் படிக்கிறவரு உங்களப் பாக்கப் போறாரா?"

"அவரு பாக்கலன்னா? நான் அவரப் பாத்துக்கினே குளிக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை படம். தெருப் பெண்களையெல்லாம் அம்மா அழைத்தாள், சிரித்த பெரியம்மாவையும்தான். தரையைத் துடைத்துச் சாக்கு விரித்தோம். "ஆம்பளைங்கல்லாம் வெளிய" என்று சொல்லித் தாழ்ப்பாளைப் போட்டாள். சின்னப் பிள்ளையான நான் ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டேன்.

"டீவி வாங்கினவன் நான்!" என்று சித்தப்பா கதவைத் தட்டினார். உள்ளே ஒரே சிரிப்பு.

பாதியில் படம் போய், வெறும் வெள்ளைப் புள்ளிகள். சித்தப்பா மாடியேறி ஆன்டெனாக் கம்பத்தைத் திருப்பிக்கொண்டு, "வந்துச்சா? வந்துச்சா?" என்று கத்தினார். பெரியம்மா எழுந்து தாழ்ப்பாளை இழுத்தாள், போட்டாள், மறுபடி இழுத்தாள்.

"வெளியிலேருந்து தொறக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

"பொழுது விடிஞ்சப்புறம் கூடக் குளிக்கிறியா?"

"மத்தியானம் கூட."

பெரியம்மா சிரிக்கவில்லை. "இத எந்தக் கடையில வாங்கின?" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. படம்தான் போய்விட்டதே, எதைப் பார்த்துக்கொண்டு இவர்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அடுத்த தீபாவளிக்குள் பெரியம்மா வீட்டுத் தோட்டத்தில் செங்கல் வந்து இறங்கியது. பிறகு பக்கத்து வீட்டில், அதற்கடுத்த வீட்டில். எல்லார் வீட்டுக்கும் டீவி வரப்போகிறது என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.