செக்கர் அக்காவும் ஒட்டின பெட்டிகளும்

என் நாத்தனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைதான் போயிற்று, சந்தேகம் போகவில்லை. சபையில் எல்லாருக்கும் அவள் செக்கர் அக்கா.

கிறிஸ்துமஸ் வந்தால், வெளிநாட்டு ஏழைப் பிள்ளைகளுக்காகச் சபையார் செருப்புப் பெட்டிகளில் பரிசு நிரப்பிக் கொடுப்பார்கள். சேர்த்து அனுப்புவது இவள் பொறுப்பு. பழைய சாமானும் பேட்டரியும் போகக்கூடாது என்பதால் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்ப்பாள். தேய்ந்த சோப்பு, காது போன கரடி எல்லாம் வெளியே வரும்.

"என்ன, உங்க வீட்டுப் பரணைக் காலி பண்ணீங்களா?" என்று கொடுத்தவரையே கேட்பாள்.

இந்த ஆண்டு பாடகர் குழுத் தலைவர் அவளை எதிர்த்துக் கிளம்பிவிட்டார். ஜவுளிக்கடைக்காரர். சென்ற முறை அவர் பெட்டியிலிருந்து தேதி முடிந்த கடைக் காலண்டர் வந்ததை அவர் மறக்கவில்லை.

"காணிக்கையைப் பிரிக்கிறது அவமானம் ஐயா. ஒட்டினது ஒட்டினபடியே போகட்டும்."

போதகர் சண்டைக்குப் பயந்தவர். சரி என்றார். பிரச்சினையில்லாமல் போனால் அடுத்த ஆண்டு பொறுப்பு தலைவருக்கே என்றும் சொல்லிவிட்டார்.

நாத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. "இதுவும் போச்சுன்னா, வீட்ல உக்காந்து உங்க சமையலையா செக் பண்ணுவேன் அண்ணி?"

"இப்ப மட்டும் விட்டா வச்சிருக்கே?" என்றேன்.

ஞாயிறன்று பெட்டிகளை முன்வரிசைக்குப் பக்கத்தில் அவளே அடுக்கினாள். பிரிக்கத்தான் தடை, ஆட்டிப் பார்க்கத் தடையில்லையே. பளபள காகிதம் சுற்றிய ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே ஏதோ முனகியது. அதை மேல்வரிசை ஓரத்தில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே பரம சாதுவாக உட்கார்ந்துகொண்டாள்.

ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடினார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. படுக்கை நோயாளிகளைக் கண் மூடாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் நான். நாத்தனாரின் முழங்கை மெல்ல நீண்டது. பெட்டி விழுந்தது.

"அம்மா, பசிக்குது. அம்மா, பசிக்குது."

ஜெபம் நின்றது. குரல் நிற்கவில்லை.

தலைவரின் மனைவி, "நம்ம வீட்டுப் பொம்மை மாதிரியே பேசுதே?" என்றாள்.

"வாயை மூடு," என்றார் அவர்.

"அக்கா, அதை நிறுத்துங்க," என்றார் போதகர்.

"பிரிக்கக்கூடாதே ஐயா."

பொம்மை ஓவென்று அழ ஆரம்பித்தது.

"பிரிங்க."

"இதை மட்டுமா, எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அடுத்த வருஷம்?"

"நீங்களே தாயே, முதல்ல அதை நிறுத்துங்க."

பிரித்தாள். பொம்மையின் ஒரு காலை நாய் கடித்துக் குதறியிருந்தது.

ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு கத்தரிக்கோலோடு உட்கார்ந்தோம். தலைவருக்கும் ஒன்று கொடுத்தாள். கடைசியில் அவள் கை போதகர் வீட்டுப் பெட்டிக்குப் போனது.

"அது இருக்கட்டும்," என்று போதகர் அவசரமாக எடுத்து இடுக்கிக்கொண்டார். "வீட்ல ஒரு தடவை பாத்துட்டுத் தரேன்."

மறுநாள் அது முன்னைவிடக் கனமாகத் திரும்பி வந்தது. அதையும் பிரித்தாள்.