நெருங்கிய வட்டாரங்கள்

ஐந்தாம் பக்கத்தின் கீழ் மூலையில் என் பெயர் இருந்தது. அதற்கு மேலே நான் எழுதாத மூன்று வரிகள் இருந்தன. இளவரசி கண்ணீரோடு நாட்களைக் கழிப்பதாக அவருக்கு நெருங்கிய வட்டாரங்கள் தெரிவிக்கின்றன என்று தொடங்கிய அந்த வரிகளை, ஒஸ்லோவில் வெஸ்ட்லிக்குப் போகும் ரயிலில் நின்றபடியே திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு அப்படி எந்த வட்டாரமும் இல்லை. ஜப்பானில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோத் தமிழருக்கென்று மாதம் ஒருமுறை ஒரு சிறு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் ஆசிரியரை எல்லோரும் அண்ணை என்றே அழைத்தோம். பகலில் பஸ் ஓட்டுவார். மற்ற நேரமெல்லாம் வெஸ்ட்லி ரயில் பாதையிலுள்ள குரோருட்டில் தன் வீட்டு வரவேற்பறையிலிருந்து பத்திரிகை செய்வார். நான் ஒரு பாடசாலை நூலகத்தில் வேலை செய்தேன். சனிக்கிழமைகளில் அவருக்குக் கைகொடுப்பேன். ஜப்பானிய இளவரசி ஒருவர் நெடுநாளாக வெளியில் வராதிருப்பது அப்போது நோர்வே வார இதழ்களின் அட்டைகளில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி அண்ணை கேட்டார்.

தேடத் தேட எனக்கு எரிச்சல்தான் வந்தது. நோர்வே இதழ் ஒரு ஜெர்மன் இதழைக் கைகாட்டியது. அதை எங்கள் பாடசாலையின் ஜெர்மன் ஆசிரியை வாசித்துப் பார்த்து, இது ஓர் ஆங்கில இதழைக் கைகாட்டுகிறது என்றார். ஆங்கில இதழோ ‘ஜப்பானில் பேசிக்கொள்கிறார்கள்’ என்பதோடு முடித்துக்கொண்டது. யார், யாரிடம், எப்போது சொன்னார்கள் என்று எதிலும் இல்லை. பெயரோடும் பொறுப்போடும் வந்திருந்தது அரண்மனையின் சிறிய அறிக்கை ஒன்றுதான்: உடல்நலம் குன்றியிருக்கிறார், ஓய்வெடுக்கிறார். நானும் அதையே எழுதினேன். மற்றவை உறுதிப்படாத பேச்சு, அவரது நோய் அவரது சொந்த விஷயம் என்றும் சேர்த்தேன்.

“தங்கச்சி, இதிலை ஒண்டும் இல்லையே,” என்றார் அண்ணை.

“தெரிஞ்சது அவ்வளவுதான், அண்ணை.”

“சனம் வாசிக்க வேணுமெல்லோ,” என்றார். நான் வீட்டுக்குப் போன பிறகு அந்த மூன்று வரிகளையும் அவரே சேர்த்துவிட்டார்.

அண்ணையின் மனைவியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அந்த வருடம் அக்கா வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. கோயிலுக்கும் இல்லை, கல்யாண வீடுகளுக்கும் இல்லை. கேட்பவர்களிடம் அண்ணை, “அவவுக்குச் சுகமில்லை,” என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றுவார். ஒருநாள் கோயில் மண்டபத்தில் ஒரு பெண் என்னிடம், “அவ பிரிஞ்சு போய் திராமன் பட்டணத்திலை தன்ரை தங்கச்சி வீட்டிலை இருக்கிறாவாமே?” என்றார். அதற்கு முதல் நாள்தான் குரோருட்டில் அக்காவின் கையால் தேநீர் வாங்கிக் குடித்திருந்தேன். ஆர் சொன்னது என்று கேட்டேன். “எல்லாரும் கதைக்கினம்,” என்றார், அதுவே ஒரு சாட்சிபோல.

பத்திரிகை வந்த சனிக்கிழமை அண்ணையிடம் நேரே போனேன். திருத்தம் போடுங்கள் என்றேன். “எல்லாப் பத்திரிகையும் இப்பிடித்தான் எழுதுது,” என்று சிரித்தார். அப்போது அக்கா அறையிலிருந்து வந்தார். கையில் பத்திரிகை.

“ஆர் இந்த நெருங்கிய வட்டாரம்?” என்று அண்ணையிடம் கேட்டார்.

“அது சும்மா ஒரு வழக்கம்.”

“என்னைப் பற்றிக் கேட்டா சுகமில்லை எண்டுதானே சொல்லுறியள். எனக்கு அது போதுமெண்டா இளவரசிக்கும் காணும்தானே?”

அண்ணை கணினித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா எனக்குத் தேநீர் வைக்கக் குசினிக்குள் போனார். அண்ணையின் மனம் மாறிவிட்டது, திருத்தம் வரும் என்று நம்பினேன். அடுத்த இதழில் அது வரவில்லை. பதிலாக, இளவரசி கட்டுரைக்கு நல்ல வரவேற்பு, இன்னும் கொஞ்சம் எழுதமுடியுமா என்று அண்ணை தொலைபேசியில் கேட்டார். அன்றோடு நான் போவதை நிறுத்திக்கொண்டேன். என் பெயரை எடுத்துவிடும்படி கேட்டேன். அச்சடித்ததை எப்படி எடுப்பது என்றார். போதாததற்கு, பழைய இதழ்களையெல்லாம் இணையத்திலும் ஏற்றினார்.

பத்திரிகை நின்று பல வருடங்களாகின்றன. அண்மையில் வேறெதையோ தேடும்போது, எங்கோ ஒரு தமிழ் இணையத்தளத்தில் அந்த மூன்று வரிகள் கிடைத்தன. இப்போது அவற்றுக்கு ஆதாரமும் இருந்தது: ‘ஒஸ்லோவிலிருந்து வெளியாகும் பத்திரிகை தெரிவிக்கிறது.’ கீழே என் பெயர். ஒரு மனுஷியின் நோயைப் பற்றி யாரோ வரவேற்பறையில் இருந்து இட்டுக்கட்டியதற்கு நான் சாட்சியாகிவிட்டேன். அந்தத் தளத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. கடைசியில் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “பாத்தியளோ, எங்கடை பத்திரிகை எங்கை வரைக்கும் போயிருக்கு,” என்றார். குரலில் உண்மையான பெருமை.

அவரோடு மேலே கதைத்துப் பயனில்லை. அக்காவிடம் கொடுங்கள் என்றேன்.

“அவ எங்கை வீட்டிலை நிக்கிறா? காலமை நடக்கப் போனவ, இன்னும் வரேல்லை.”

அக்கா எப்படித் தேறினார் என்று நான் கேட்கவில்லை. வந்ததும் நான் எடுத்தேன் என்று சொல்லுங்கோ என்று மட்டும் சொன்னேன்.