அண்ணனின் மணல் பை

என் அண்ணனுக்குப் பெருமூளை வாதம். அந்தப் பெயரெல்லாம் அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையாது. பிறவியிலேயே காலில் பலமில்லை என்போம். அவனுக்குப் பத்து வயது, எனக்கு எட்டு. சனிக்கிழமைதோறும் அம்மா அவனை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, காலுக்குப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாவிடம் பஸ்ஸில் கூட்டிப்போவாள். அவனைத் தூக்கி ஏற்றும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அண்ணனுக்கு அது அறவே பிடிக்காது. பஸ் படியில் தானே ஏற வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை.

அதற்குத் தொடையில் வலு வேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்பாவின் பழைய கால்சட்டைத் துணியில் அம்மா இரண்டு சுருக்குப்பை தைத்து, ஒவ்வொன்றிலும் அரைக்கிலோ மணல் போட்டாள். தினமும் சாயங்காலம் அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கணுக்காலில் பையைக் கட்டிக்கொண்டு, காலை நேராக நீட்டி இறக்க வேண்டும். காலுக்குப் பதினைந்து முறை. எண்ணுவது என் வேலை.

எண்ணி முடிப்பதற்குள் தெருவில் பாண்டி ஆட்டம் பாதி முடிந்துவிடும். எனக்கு எரிச்சலாக வரும். கனம் குறைந்தால் சீக்கிரம் முடிப்பான் என்று, யாரும் பார்க்காதபோது தினம் கொஞ்சம் மணலை எடுத்து முருங்கை மரத்தடியில் கொட்டினேன். அண்ணனுக்கோ நாளாக ஆக மூச்சு அதிகமாக வாங்கியது. சரியான சோம்பேறி என்று மனதுக்குள் திட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பாவின் பெட்டியிலிருந்து நட்டுகள் காணாமல் போயின. “ஏட்டி, எம்புட்டு நட்டு வச்சிருந்தேன், எங்க கொண்டு போட்ட?” என்று என்னைத்தான் பிடித்தார். செய்த திருட்டுக்கு ஒன்றுமில்லை, செய்யாததற்கு வசவு.

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். எடையைக் கூட்டலாம் என்று டாக்டரம்மா, அம்மா கொண்டுவந்திருந்த பைகளில் ஒன்றைத் தராசில் வைத்தார். நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன். முள் அரைக்கிலோவைத் தாண்டி முக்கால் கிலோவில் போய் நின்றது. பையை அவிழ்த்துக் கவிழ்த்தார். மணலோடு சேர்ந்து அப்பாவின் நட்டுகள் மேசையில் பொலபொலவென்று உருண்டன. அப்பாவின் பெட்டி இருந்தது கட்டிலுக்கு அடியில். அங்கே தவழ்ந்து போகிறவன் எங்கள் வீட்டில் ஒருவன்தான்.

“என்னைக் கேக்காம கூட்டலாமா? கால் பிடிச்சுக்கிட்டா என்ன செய்வ?” என்று டாக்டரம்மா அதட்டினார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

திரும்பும்போது பஸ் வந்து நின்றதும், “தூக்காதம்மா, நானே ஏறுதேன்” என்றான். கம்பியைப் பிடித்து ஒரு படி. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். “செத்த பொறுங்க, தம்பி ஏறட்டும்” என்றார் கண்டக்டர். அம்மா அவன் முதுகைத் தொடாமல் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றாள். இன்னொரு படி. ஏறிவிட்டான். அம்மா அழுதாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே, மணல் விஷயத்தைச் சொல்லிவிடுவானோ என்ற பயமும்.

அவன் சொல்லவே இல்லை. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பல வருஷம் கழித்து அவனிடமே கேட்டேன்.

“எனக்கு வலிக்கும்னு பாவப்பட்டுத்தானட்டி எடுத்த? வேண்டாம்னு சொன்னா அழுதிருவியேன்னு விட்டுட்டேன்” என்றான்.

பாண்டி ஆட்டத்தைப் பற்றி இன்றுவரை அவனிடம் நான் வாய் திறக்கவில்லை.