மூன்று ஜெபமாலைக்குத் தாங்கும் வண்டி

என் சித்தப்பா தாவீது தன் பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜினுக்கு ஒரு ஃபேன் செய்தார். காரணம் சின்னம்மாவின் முழங்கால்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் எங்கள் ஆட்கள் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். முன்னால் தள்ளுவண்டியில் மாதா சொரூபமும் ஒலிபெருக்கியும் போகும். பின்னால் கூட்டம் போகும். மகன் ஜெரோம் சிறு வயதில் மூளைக்காய்ச்சலோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் அவனுக்குக் கல்யாணம் ஆகும்வரை வருஷா வருஷம் நடந்து வருவதாக மார்கரெட் சின்னம்மா நேர்ந்துகொண்டாள். அவன் பிழைத்தான். இப்போது கூடுவாஞ்சேரியில் அறை எடுத்துத் தங்கி ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். வருகிற தையில் கல்யாணம். அதனால் இதுதான் கடைசி நடை. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. எந்த வருடமும் கிடைத்ததில்லை.

போன வருடமே சின்னம்மாவின் கால் விட்டுப்போயிற்று. கால் தாங்கும் வரை நடப்பது, தாங்காதபோது சித்தப்பாவின் வண்டியில் உட்கார்ந்து வருவது என்று அவளே ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். அதற்கு இரண்டு நிபந்தனைகள். வண்டி மாதாவுக்கு முன்னால் போகக் கூடாது. ஜெபமாலைச் சத்தம் கேட்காத தூரத்துக்குப் பின்தங்கவும் கூடாது. முன்னால் ஒருவர் பாதி மந்திரம் சொன்னால் பின்னால் வருகிறவர்கள் மறுபாதி சொல்ல வேண்டும், அந்த மறுபாதியை அவள் விட மாட்டாள். இந்த நிபந்தனைகளைப் பங்குச் சாமியார் போடவில்லை. அது அவளுக்கும் மாதாவுக்கும் நடுவே முடிந்த பேச்சு.

ஆகவே சித்தப்பா ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி ஓட்டினார். கிளட்சைப் பாதி பிடித்தபடி, காலைத் தரையில் தேய்த்தபடி. ஓடுகிற காற்றில் குளிர வேண்டிய இன்ஜினுக்கு அந்த வேகத்தில் காற்றே கிடைக்காது. போன வருடம் வண்டி நடுரோட்டில் திரும்பத் திரும்ப நின்றது. கூட்டமும் வெயிலில் நின்றது. இந்த வருடம் ஜூலையிலேயே குழுத்தலைவர் ஜெபசிங் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணாத்த, வண்டி வாணாம். ஒரே பேஜாரு. மூட்டை ஏத்தினு டெம்போ முன்னாடி போவுதுல்ல, அதுல அக்காவ ஏத்தி வுட்டுரு."

"டெம்போ மாதாவுக்கு முன்னாடி போவும்" என்றார் சித்தப்பா.

"போனா இன்னா?"

"அவ வரமாட்டா."

"அப்ப வண்டி நிக்கக் கூடாது. நின்னா நான் ஜனத்த நிறுத்த மாட்டேன்."

"நிக்காது" என்றார் சித்தப்பா. அது எப்படி நிற்காது என்று அப்போது அவருக்கே தெரியாது.

அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. என் தாத்தா செய்யூர்ப் பக்கம் பிறர் நிலத்தில் வேலை செய்தவர். அப்பாவும் சித்தப்பாவும் சித்தாள் வேலைக்குப் போனார்கள். பிறகு சித்தப்பா மாமல்லபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே இருக்கிறார். புதிதாக எதையும் வாங்கியதில்லை. வண்டி கூட மூன்றாவது கை. கோயிலுக்குப் போவார், கடைசி வரிசையில் நிற்பார், வாய் அசையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அவதான் சொல்றாளே, வூட்டுக்கு ஒருத்தர் போதாதா?" என்றார்.

நான் பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். முடித்து ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஃபேன் வேலைக்கு என்னைக் கூப்பிட்டபோது, வீட்டில் என் படிப்பு யாருக்காவது பயன்படட்டும் என்று போனேன். பயன்பட்டதா என்று இப்போதும் உறுதியில்லை.

லாரி டிரைவர்கள் முகத்துக்கு நேராக மாட்டிக்கொள்ளும் பன்னிரண்டு வோல்ட் ஃபேன் ஒன்றை, லாரி ஓட்டும் ஆனந்தனிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதை இன்ஜினுக்கு முன்னாலிருக்கும் கிராஷ் கார்டில் கட்டினோம். காற்று நாலாபுறமும் சிதறியது. பிளாஸ்டிக் குடத்தை வெட்டிப் புனல் மாதிரி வைத்தோம். சூட்டில் வளைந்து தொங்கியது. கடைசியில் பாமாயில் டின்னைப் பிரித்து, அகலவாய் ஃபேன் பக்கமும் குறுகிய வாய் இன்ஜின் பக்கமும் வரும்படி மடித்துக் கம்பி முறுக்கிக் கட்டினார். தகரம் கிழித்து அவர் கட்டைவிரலில் ரத்தம் வந்தது. துணி சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். வண்டி மெதுவாகப் போனால் பேட்டரி சரியாக ஏறாது என்று சொன்னேன். ஹெட்லைட் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

அடுத்து, எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். நடைக்காரர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. இந்தத் தங்கலிலிருந்து அடுத்த தங்கலுக்கு இரண்டு ஜெபமாலை என்பார்கள். எனவே இரண்டு ஜெபமாலைக்குத் தாங்கினால் போதும். வாசலில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, சின்னம்மாவைப் பின்னால் ஏற்றி உட்காரவைத்து ஜெபமாலை சொல்லச் சொன்னார்.

எதிர்வீட்டு ஸ்ரீதேவி வெளியே வந்து பார்த்தாள். "இன்னா மார்கரெட்டக்கா, வேளாங்கண்ணி வந்துடுச்சா?"

"பாண்டிச்சேரி தாண்டிட்டேன்டி. உனக்கு இன்னா வாங்கியாரணும்?"

ஃபேன் இல்லாமல் ஒரு ஜெபமாலையில் இன்ஜின் காய்ந்த நாற்றம் அடித்தது. ஃபேனோடு மூன்று ஜெபமாலை ஓடியது. மூன்றாவது முடிந்ததும் சித்தப்பா இன்ஜினைச் சுற்றித் தகடு தகடாக நிற்கும் துடுப்புகளில் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். சுர்ரென்றது, ஆனால் பொங்கவில்லை. முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று. எனக்கும் திருப்தியாக இருந்தது. கைப்பேசி என் கையில்தான் இருந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மணி பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் நல்லபடியாகப் போயிற்று. பாலாற்றுப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது, சின்னம்மா பெரும்பாலும் நடந்தாள். கூவத்தூரில் படுத்தோம். மறுநாள் ஓதியூர் ஏரிக்கரையில் நாஸ்தா. அங்கிருந்து எழுந்தபோது அவள் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஃபேன் உறுமியது. வெயில் ஏறிவிட்டிருந்தது. நான் வண்டியின் பக்கத்திலேயே நடந்தேன். எதற்காக நடக்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் நேர்ச்சை எதுவும் இல்லை. வேலை கிடைக்கட்டும் என்று கேட்கலாம்தான். கேட்க நாக்கு வரவில்லை.

முதல் ஜெபமாலையே முடியவில்லை. அதற்குள் நாற்றம் வந்தது.

"பாப்பா, இது எத்தினியாவது பத்து?" என்று என்னிடம் கேட்டார் சித்தப்பா.

"நாலாவது."

"இன்னும் நாலாவதா?"

முன்னால் மந்திரம் நின்று பாட்டு தொடங்கியது. ஐந்து பத்து சேர்ந்தது ஒரு ஜெபமாலை; மாலையில் பத்து மணிகள் உருண்டு முடியும்போதெல்லாம் ஒரு பாட்டு, அதில் ஒவ்வொரு அடியும் இரண்டு தரம். அது முடிந்தபின் ஜெபசிங் மைக்கில் நிறுத்தி நிதானமாக அடுத்த பத்தைத் தொடங்கினார். சித்தப்பா தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"வூட்ல நீ ஏன் அவ்ளோ வேகமா சொன்ன?"

"அடுப்புல சோறு வெச்சிட்டு வந்து உக்காந்தா வேற எப்டிய்யா சொல்லுவாங்க?"

கொஞ்ச தூரத்தில் இன்ஜின் இரண்டு தடவை இடித்து நின்றது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தண்ணீர் தெளித்தார். பொங்கி ஆவியாயிற்று. உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் பேட்டரியும் இறங்கி, ஃபேனின் இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, பிறகு நின்றன.

ஜெபசிங் மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். திட்டவில்லை, அதற்குத் தெம்பில்லை போலிருந்தது. "ஆட்டோ ஒண்ணு நிறுத்தறேன். கடப்பாக்கத்துல போய் நெழல்ல உக்காருக்கா."

"மாதாவ வுட்டுட்டு முன்னாடி போயி, நான் யாருக்குக் காத்துகினு உக்காரணும்?"

"கடைசி வருஷம்க்கா. மாதா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"கடைசி வருஷம்னுதான் சொல்றேன். நீ போ. ஜனம் வெயில்ல நிக்குது."

அவர் சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு போனார். கூட்டம் நகர்ந்தது. சின்னம்மா இறங்கிச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். சித்தப்பா வண்டியைத் தள்ளினார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். முதலில் பாட்டின் வார்த்தைகள் கரைந்தன, பிறகு ராகமும் போயிற்று. ஒரு பஸ் கடந்து போனபின் உப்பளத்துக் காற்று மட்டும் கேட்டது.

அவள் நின்றாள். இனி மறுபாதி சொல்வதற்கு முன்பாதி இல்லை. அழப்போகிறாள் என்று நினைத்தேன். மாலையைத் தடவிப் பார்த்து, நிறுத்திய மணியைக் கண்டுபிடித்து, முன்பாதியைத் தானே சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

நான் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான். வேறு யாருக்கோ உரியதை எடுப்பது போல வாய் வரவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. வண்டியின் ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். மறுபாதியைச் சொன்னார். நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டு, திரும்பப் போய் எடுத்துக்கொண்டார். அவள் அடுத்த மணிக்கு நகர்ந்தாள். தள்ளுகிற மூச்சிரைப்பில் அவருக்கு வாக்கியம் வாக்கியமாகத்தான் வந்தது. அவள் ஒவ்வொரு முறையும் முடியும்வரை பொறுத்தாள். வீட்டில் அவள் சொன்ன வேகமும் இல்லை, ஜெபசிங் சொன்ன வேகமும் இல்லை. இப்படியே கடப்பாக்கம் வரை.

நாங்கள் தென்னந்தோப்புத் தங்கலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். ஜெபசிங் மூன்று பொட்டலம் எடுத்து வைத்திருந்தார். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் சித்தப்பா ஓர் உதை உதைத்தார். வண்டி ஓடியது.

"நாளைக்கு இன்னா பண்றது அண்ணாத்த?" என்றார் ஜெபசிங். "மறுபடியும் நின்னா?"

சித்தப்பா வாயைத் திறக்குமுன் சின்னம்மா சொன்னாள். "நிக்கட்டும். வண்டி ஆறனதும் வர்றோம். நீங்க போய்க்கினே இருங்க, எங்களுக்காக மெதுவா சொல்லத் தேவல. பதில் சொல்ல எனக்கு ஆளு கீது."

ஜெபசிங் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் பாமாயில் டின் புனலின் முறுக்குக் கம்பியைத் தளர்த்திக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தார், காற்றுதான் வந்தது. வழியெல்லாம் மறுபாதி சொன்னதில் தொண்டை கட்டியிருந்தது. சொம்பைக் காட்டினார். நான் தண்ணீர் எடுத்து வரப் போனேன்.