மலை எல்லையும் என் மனைவியின் கணக்கும்

மத்திய பட்ஜெட் வரும் நாளில் சாலைக் கம்போளம் கடைத்தெருவிலுள்ள என் இரும்புக் கடையைச் சீக்கிரமே சாத்திவிடுவேன். அன்று சாயங்காலம் மலையாளச் சேனல் ஒன்றின் விவாதத்துக்கு என் மனைவியைக் கூப்பிடுவார்கள். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது என் பொறுப்பு. அவள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். நாட்டின் பாதுகாப்புச் செலவு என்றால் அவளுக்குப் பைத்தியம். வீட்டுப் பால் கணக்கைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். பட்டாளத்துக் கணக்கு விரல் நுனியில் இருக்கும்.

அவள் பட்ஜெட் படிக்கும் அழகே தனி. மொத்தத் தொகை கூடியதா என்று ஊரெல்லாம் பார்க்கும். அவள் முதலில் சம்பளத்தையும் பென்ஷனையும் கழிப்பாள். பழைய கொள்முதலுக்கு இன்னும் கொடுக்க வேண்டியதையும், விலைவாசி ஏற்றத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சுவதை வைத்துத்தான் வாயைத் திறப்பாள். புதிய விமானத்தைப் பற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது, மலைப்பாதை எதுவரை போட்டாயிற்று, குளிர் தாங்கும் கூடாரம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பாள். எங்கே ஆபத்து கூடும் என்று அவள் சொன்னாளோ, அங்கே பெரும்பாலும் கூடியிருக்கிறது. இதில் எனக்குள்ள கர்வத்தை நான் மறைப்பதில்லை. கடைக்கு வருகிறவர்கள் என் போல்ட்டு நட்டுக்குப் பேரம் பேசுவார்கள், அவள் பேச்சை மட்டும் மறுபேச்சில்லாமல் மெச்சுவார்கள்.

இந்த வருஷம் அவள் கணக்கு வடக்கே மலை எல்லையைக் காட்டியது. பெரிய போர் வராது, ஆனால் சின்னச் சின்ன மோதல்கள் அங்கேதான் அதிகமாகும். அதைத் தாங்கும் அளவுக்குப் பாதைக்கும் தங்குமிடத்துக்கும் நாம் செலவழிக்கவில்லை என்பது அவள் முடிவு. எங்கள் ஒரே மகள் ராணுவத்தில் கேப்டன். அந்த மலையில்தான் இருக்கிறாள். சில நாட்களாக அவளிடமிருந்து போன் இல்லை.

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லப்பிடாதா?" என்று புறப்படும்போது கேட்டேன்.

"கணக்கு என்ன காட்டுதோ அதத்தான் சொல்லணும், அத்தான்."

நான் சேனல் அலுவலகத்தின் வரவேற்பறை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எதிரே ஓய்வுபெற்ற ஒரு கர்னல். நல்ல மனிதர்தான், குரல் மட்டும் இன்னும் பரேட் மைதானத்திலேயே இருந்தது. இவள் சொல்வதெல்லாம் வீண் பயம் என்றார். இவள் பொறுமையாக ஒவ்வொரு தொகையாக எடுத்துவைத்தாள். கடைசியில் அவர், "டீச்சர்க்கு எல்லாம் புஸ்தகத்திலல்லே?" என்று, எல்லாம் வெறும் ஏட்டறிவுதானே என்கிற மாதிரி சிரித்தார். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டில் போய்க் கேளுங்கள், அங்கே இந்தப் பயம் இருக்காது என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் உச்சி வரை ஏறிவிட்டது. "சொல்லு, சொல்லு!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். வாசல் காவலாளி எட்டிப் பார்த்தார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை போதும், கர்னல் வாயடைத்துப் போவார். அவளோ மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சார், அது இருக்கட்டும். என் கணக்கில் எங்கே பிழை என்று மட்டும் காட்டுங்கள்," என்று மலையாளத்தில் கேட்டாள். அவர் காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

திரும்பும்போது கோபத்தையெல்லாம் ஸ்கூட்டர் ஹாரனில் காட்டினேன். பேசினால் சண்டையாகிவிடும். பழவங்காடி வந்ததும் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். கணபதி கோயில், பட்டாளத்தார் பராமரிப்பில் இருப்பது. நான் இழுத்தாலொழிய அவள் கோயில் பக்கம் வருகிறவளல்ல. இறங்கிப்போய் ஒரு தேங்காய் வாங்கினாள். ஆனால் உடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "மகளைச் சொல்லியிருக்கலாம்லா? அந்த ஆளு அப்புறம் வாயத் தெறந்திருப்பாரா?"

"தெறந்திருக்க மாட்டாரு. அதுக்குத்தான் சொல்லல," என்றாள். "அவ அங்க இருக்கான்னு தெரிஞ்சா என்னை எதுத்துப் பேச யாருக்கு மனசு வரும்? எதுத்துப் பேசணும், அத்தான். எங்கயாவது ஒரு தப்பு இருக்கும்னு நானும் தேடித் தேடிப் பாத்துட்டேன். கெடைக்கல. அவரு பட்டாளத்துல இருந்தவராக்கும். அவராவது கண்டுபிடிச்சிருவாருன்னு நெனச்சுத்தான் போனேன்."

இத்தனை வருஷமாக நான் அவள் அறிவை மெச்சிக்கொண்டிருந்தேன். அன்று அவளையே கும்பிட வேண்டும் போலிருந்தது. ஆறுதலாக எதையோ சொல்ல வாயெடுத்தேன், அவள் காது கொடுக்கவில்லை. சன்னிதியைப் பார்த்து நின்று, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, "பிள்ளையாரே, நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போட்டும்," என்று உரக்கச் சொல்லித் தேங்காயை ஓங்கி எறிந்தாள்.