தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு புனியான் ஊர்

மழை விட்ட மாலைகளில், கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் சிற்றூருக்குள் இரண்டு வாசனைகள் வரும்: பாசிர் கூடாங் தொழிற்சாலைகளின் பக்கமிருந்து தொண்டையைக் கமறவைக்கும் மருந்து நெடி, வீடுகளுக்குப் பின்னால் நின்ற தூங்குமூஞ்சி மரத்தடியிலிருந்து ஊறிய இலையும் மண்ணும் கலந்த மணம். முதலாவது இன்றும் தவறாமல் வருகிறது. இரண்டாவதற்காக இந்த வயதிலும் வெட்கமில்லாமல் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாசாய் டவுனுக்கு வெளியே பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த அந்தக் குடியிருப்பு எங்கள் யாருக்கும் சொந்தமில்லை என்பதே, நிலத்தை வாங்கியவர்கள் அளக்க ஆள் அனுப்பியபோதுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. "மரத்துல கை வச்சாங்கன்னா அடுத்தது நம்ம வீடுதான் லா" என்று பெக்டரி பஸ் ஓட்டிய அப்பா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். நானும் தங்கை கயலும் தட்டை அப்படியே வைத்துவிட்டு மரத்தடிக்கு ஓடினோம்.

அடுத்த வீட்டில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்ற மலாய்க்கார அம்மாள், எங்கள் "மக்சிக்", எங்களுக்குப் புனியான்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத அழகிய மனிதர்கள், பெரிய மரங்களில் குடியிருப்பவர்கள், முன்பெல்லாம் விருந்து வீடுகளுக்குத் தட்டு இரவல் கொடுத்து, வாங்கியவர்கள் திருப்பித் தராததால் மனம் வெறுத்து நிறுத்திக்கொண்டவர்கள். "ஜங்கான் பிசிங்" என்று உதட்டில் விரல் வைத்து எங்களை அடக்குவார். சத்தம் அவர்களுக்குப் பிடிக்காதாம். அவர்கள் குடியிருக்கும் மரத்தை வெட்ட யாருக்கும் துணிச்சல் வராது என்றும் ஒருமுறை சொன்னார். அதைத்தான் நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

கயலுக்கு அப்போது ஆறு வயதிருக்கும். மரத்தடியில் புனியான்களுக்கு வீடு கட்ட, ரப்பர் கொட்டைகளை அடுக்கி மதில் எழுப்பினாள். வாதுமை இலையில் கூரை வேய்ந்தாள். பால் டின் மூடியில் நீர் நிரப்பிக் குளமாக்கினாள். ஐஸ்கிரீம் குச்சிகளில் ஏணி செய்து வேர்களின் மேல் சாய்த்தாள். கம்பத்துப் பிள்ளைகளெல்லாம் கூடிவிட, மரத்தைச் சுற்றி ஓர் ஊரே எழும்பியது. "மஞ்சத்தூள் எங்கடி போகுது?" என்று அம்மா கத்தினாள், அது புனியான் வாசல்களுக்குக் கோலமாகிக்கொண்டிருந்தது. களிமண்ணில் குட்டிக் குட்டித் தட்டுகள் செய்து வரிசையாக வைத்தாள் கயல். "திருப்பிக் குடுத்தாச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும்ல?" என்றாள்.

மரத்தைச் சாய்க்க இயந்திரம் வந்தது. அதை ஓட்டிவந்த தமிழர் இறங்கிப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். "இங்க என்னமோ இருக்கு. நான் கை வைக்க மாட்டேன்" என்று சாவியோடு போயே போய்விட்டார். அன்று நாங்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. வீடு தப்பிவிட்டது என்றே நினைத்தோம்.

மறுநாள் அந்த வேலையை எடுத்திருந்த கொந்திராக்டர் ஒரு பூசாரியை அழைத்துவந்தார். பூசாரி ஒரு வீட்டைக்கூட மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, வெற்றிலை பழம் படைத்து, எலுமிச்சை அறுத்து, சூடம் காட்டினார். "கோவிச்சுக்காம நல்லபடியா வேற இடம் பார்த்துப் போயிருங்க" என்று கைகூப்பினார். முதல் நாள் மறுத்த அதே ஓட்டுநரும் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் மரம் சாய்ந்துவிட்டது. பிள்ளை விளையாட்டு என்று சிரித்துவிட்டு வெட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்போம். நம்பினார்கள், மரியாதையாக வெளியேற்றினார்கள். அதைத்தான் இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

"அவங்க எங்க போவாங்க?" என்று கயல் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டாள்.

சில வாரங்களில் அதே கொந்திராக்டர் பிஸ்கட் டின்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணே, நல்லபடியா வேற இடம் பார்த்துக்குங்க" என்றார். கயல் என் கையை இறுகப் பிடித்தாள். மக்சிக் குடும்பம் குளுவாங் பக்கம் போனது. நாங்கள் பாசிர் கூடாங்கில் அடுக்குமாடி ஏறினோம். பள்ளியில் வீடு வரையச் சொன்னால் கயல் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வருவாள்.

இப்போது எங்கள் கம்பம் இருந்த இடத்தில் கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன. கயல் தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். போன வாரம் அவள் திரும்பியபோது, என் மகள் அடுக்குமாடியின் கீழே கல்லும் இலையும் சேர்த்து ஒரு தேவதை வீடு கட்டிக்கொண்டிருந்தாள். "சித்தி, கதவு மட்டும் நீங்க வைங்க" என்றாள்.

கயல் ஹெல்மெட்டைக் கழற்றாமலே குந்தி உட்கார்ந்தாள்.

"வேணாம்டா தங்கம். வீடு இருக்குன்னு நம்பி வந்துருவாங்க. அப்புறம் நாமதான் போகச் சொல்லணும்."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். சித்தி சும்மா சொல்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.